மூன்றாவது தடவை கூப்பிடும் வரை

இந்தத் தீவுக்குக் காலநிலை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மலைக்கும் ஒன்று இருக்கிறது. சில மலைகளில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. இதைச் சொல்லத்தான் பதுளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போனேன். சுற்றுலா வழிகாட்டியாகப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போன பிறகுதான் தெரிந்தது, பழைய ஆள் ஒருவன் வந்து குந்தியிருந்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

வகுப்பெடுத்தவர் கொழும்பிலிருந்து வந்தவர். சுவரில் படம் காட்டினார். வருடம் முழுவதும் இதமான வெயில், குளிர்ந்த மலைகள், தேயிலையைத் தடவிப் போகும் மேகம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த படத்தில் பனிமூட்டம் வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. ஆளைக் காணவில்லை என்றால் பேர் சொல்லிக் கூப்பிடு. பதில் வராவிட்டால் உடனே தேடிப் போ. அவ்வளவுதான்.

நான் எழும்பிக் கேட்டேன். மூன்று தடவை கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறவன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று இருந்ததே, அது எங்கே?

"அது அந்தக் காலத்து ஆட்களின் மூடநம்பிக்கை ஐயா. எடுத்துவிட்டோம்" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகளில் ஒருத்தி பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, "ஏன் அங்கிள் மூணு தடவ?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். பேர் செபஸ்தியன். அப்பா தேயிலை அரைக்கும் இஸ்டோரில் வேலை செய்தார், அம்மா கொழுந்து எடுத்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தேன். அதை வைத்து, வெள்ளைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் ஒரு கம்பனியில் முதலில் மூட்டை தூக்கினேன், பிறகு சமையலுக்கு உதவினேன், பிறகு வழிகாட்டியானேன். முட்டி தேயும் வரை அந்த வேலைதான். பயிற்சி என்று யாரும் தரவில்லை. விழுந்து எழும்பிக் கற்றுக்கொண்டது.

புத்தகத்தில் வைகாசியிலிருந்து மழைக்காலம் என்று போட்டிருக்கும். கொழும்பு வெள்ளத்தில் கிடக்கும். அதே நேரம் பதுளையில் தூசி பறக்கும். அந்த மழைக்காற்று மேற்கு மலைகளில் ஏறி, வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கும். இறங்க இறங்கச் சூடேறும். அதைக் கச்சான் என்போம். தேயிலைக்கு வாசம் வருவது அந்தக் காற்றில்தான் என்று இஸ்டோர்க்காரர்கள் கொண்டாடுவார்கள். மனிதர்களுக்கு அது வேறு என்னவோ செய்யும். உதடு வெடிக்கும். புருசன் பெண்சாதி காரணமில்லாமல் அடித்துக்கொள்வார்கள். நாய்கள் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். மானாப்புல் மண்டிய மலைகள் தாமாகவே பற்றிக்கொண்டு எரியும்.

ஒரு கச்சான் காலத்தில், விருந்தாளிகளுக்கென்று இருந்த எங்கள் கம்பனி பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் தங்கினார். பொறியியல் படித்தவர், நிதானமான மனிதர். முதல் நாள், கூரைக்கு மேலே யாரோ மேசையை இழுக்கிறார்கள் என்றார். காற்று என்று சொன்னோம். அடுத்த நாள், இழுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அதற்கடுத்த நாள் பகல் முழுவதும் கதவைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுபோனவனிடம், கதவைத் திறந்தால் உடனே மூடு என்றார். பிற்பகலில் காற்று நின்றது. சட்டென்று நின்றது. கச்சான் அப்படித்தான், ஒரு கை வைத்து அமத்தியதைப் போல நிற்கும். அப்போதுதான் அவர் கத்தினார். காற்றடிக்கும்போது பொறுத்துக்கொண்டிருந்த மனிதர், காற்று நின்ற பிறகு கத்தினார். எனக்கு அது விளங்கியது. எங்கள் லயத்திலும் காற்று நின்றால் எல்லோரும் வாசலுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நிற்பார்கள்.

இதையெல்லாம் படத்தில் காட்ட முடியாது. காட்டினால் யாரும் வரமாட்டார்கள்.

எங்கள் மேலதிகாரி திசாநாயக்க சேர். ஒரு காலத்தில் காட்டு இலாகாவில் இருந்தவர். வெயிலோ மழையோ கையில் மடித்த கறுப்புக் குடை இருக்கும், விரித்து நான் பார்த்ததில்லை. காலையில் பங்களா வாசலில் நின்று, பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவுவார். பிறகு மூக்கைக் கிழக்கே திருப்பி மூச்சை இழுப்பார். அதற்குப் பிறகுதான் போகலாமா வேண்டாமா என்று சொல்வார். "நாளைக்கு மழை வருமா?" என்று விருந்தாளிகள் கேட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் வெற்றிலையை எடுத்து நரம்பு கிழிக்கத் தொடங்குவார். அந்த வெற்றிலை மடிந்து வாய்க்குள் போகும் வரை நாங்கள் நிற்க வேண்டும். திட்டு வாங்குவது அதைவிட லேசு.

பனிக்கு என்று அவர் சட்டம் வைத்திருந்தார். ஐப்பசியில் இடி மழை தொடங்கி, மார்கழி, தையில் கிழக்கேயிருந்து பனி ஏறும். மொனராகலைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து எழும்பி, பசறைப் பள்ளத்தை நிரப்பி, நமுனுகுல மலையின் விளிம்பில் வந்து எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தால் உடனே எல்லோரையும் உட்கார வை. முதுகு மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். ஆட்களை எண்ணு. யாரும் குறைந்தால், மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்று கூப்பிடு. பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டால் சத்தம் எங்கேயோ போய் எங்கேயோ இருந்து வரும். கூப்பிடுகிறவன் நகரக் கூடாது. குரல் நகர்ந்தால் வழி தவறியவன் குரலின் பின்னால் நடப்பான்.

மூன்று தடவை என்பது அவர் சட்டத்தில் முதலில் இல்லை. எங்களால் வந்தது.

எங்கள் லயங்களில், பனிக்குள் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் தடவை பதில் சொல்ல மாட்டோம். இரண்டாவது தடவையும் சொல்ல மாட்டோம். மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றதால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். இதையெல்லாம் நம்பினால் பாவம் என்று கோயிலில் சாமியார் திட்டுவார். அந்தச் சாமியாரே பனியில் கூப்பிட்டாலும் என் அம்மா மூன்றாவது தடவைதான் "சாமி" என்பாள்.

திசாநாயக்க சேர் வந்த புதிதில் பனிக்குள் மூட்டை தூக்குகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதறிப்போய் மறுபடி கூப்பிட்டார். எல்லோரும் அவருக்குப் பத்தடி தூரத்தில் குந்தியிருந்தார்கள்.

பனி விலகியதும், "ஏன் பேசல்ல? காது இல்லையா ஒங்களுக்கு?" என்றார்.

"மூணாவது தடவ கூப்புடுங்க சேர். சொல்லுவோம்ல" என்றாள் பாக்கியக்கா.

பாக்கியம் எங்கள் லயத்துப் பெண். என்னைவிட மூத்தவள். கொழுந்து வேலையை விட்டுவிட்டு எங்களோடு தேத்தண்ணிக் கேத்தலும் அடுப்பும் சுமந்து வந்தாள். புருசன் இல்லை. ஒரு மகள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் பதுளையில் படித்துக்கொண்டிருந்தாள். வேறு வருமானம் கிடையாது. வாய் அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் அவர்கள் முன்னாலேயே அவர்களைப் பற்றிப் பேசுவாள்.

சேர் அன்று வெற்றிலையை எடுத்தார். நரம்பு கிழித்தார். நாங்கள் காத்திருந்தோம். கடைசியில், "பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கிற மனுசனுக்கு, பனிக்குள்ள நின்னு பயப்படாதேன்னு வகுப்பு எடுக்க ஏலாது. மூணு தடவ கூப்பிடு. வாய் நோகுமா?" என்றார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எங்க அம்மாவும் பதில் சொல்ல மாட்டா."

அப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. கூப்பிடு, ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் பொறு, மறுபடி கூப்பிடு. அவர் சொன்ன காரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் கொழும்புக்காரர் கேட்டிருக்க வேண்டும்: பொறுக்கத் தெரிந்தவன் பனிக்குள் ஓட மாட்டான். தேடப் போய் விழுந்தவர்கள்தான் இந்த மலைகளில் அதிகம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

தை மாதம். மூன்று விருந்தாளிகள். ஒரு இளம் சோடி. அவர்களோடு வந்த இங்க்ரிட் என்ற அம்மா, அறுபது வயதிருக்கும், தனியாக நடந்து பழகியவர். குளிர் நாட்டுக்காரர். பனியைப் பற்றி எனக்கே பாடம் சொன்னார். பாக்கியக்கா அவரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரியம்மா காலு தேங்கா மரம் மாதிரி. நம்மளத் தூக்கிக்கிட்டுப் போகும் பாருங்க தம்பி" என்றாள். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனால் சிரித்தார். அவருக்கு இவளைப் பிடித்துவிட்டது. "பாக்கியம், பாக்கியம்" என்று அவள் பின்னாலேயே நடந்தார்.

காலையில் சேர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, போகலாம், ஆனால் பிற்பகலில் முகட்டில் நிற்காதே என்று சொல்லியிருந்தார். நாங்கள் இறங்கத் தொடங்கிவிட்டோம். நமுனுகுல முகட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் பாதை வளையும். மேற்கே சாய்ந்த வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. இங்க்ரிட் அம்மா ஒதுங்க வேண்டும் என்றார். பெண்கள் ஒதுங்கினால் பாக்கியக்கா கூடப் போக வேண்டும், அதுவும் சட்டம். இரண்டு பேரும் பாசி பிடித்த குட்டை மரங்களுக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

அப்போது பறவைச் சத்தம் நின்றது. நின்றது என்று தெரிந்த பிறகுதான் அதுவரை கத்திக்கொண்டிருந்தன என்றே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கிழக்கு விளிம்பில் பனி ஒரு சுவரைப் போல நின்றது. காற்று இல்லை. அது வரவில்லை, நின்ற இடத்திலேயே பெருத்தது. மரங்கள் முதலில் கறுத்தன, பிறகு சாம்பலாகின, பிறகு இல்லாமல் போயின. என் கையை நீட்டினேன், மணிக்கட்டு வரை தெரிந்தது.

சோடியைப் பிடித்து உட்கார வைத்தேன். முதுகு மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். அந்தப் பெண் நடுங்கினாள், அவளுக்குப் போர்வை கொடுத்தேன். இதற்கெல்லாம் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரை நான் வாயைத் திறந்து யாரையும் கூப்பிடவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோடியிடம் "உட்காருங்கள்" என்று முணுமுணுத்ததைத் தவிர என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பினேன். "பாக்கியக்கா!"

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். பொறுத்தேன்.

"பாக்கியக்கா!"

பதில் இல்லை. அந்த இளைஞன் எழும்பப் பார்த்தான். "ஏன் இன்னும் நிற்கிறாய்? போய்த் தேடு!" என்றான். தோளைப் பிடித்து அமர்த்தினேன். பொறுத்தேன். அந்த நேரத்தில் ஒன்று கேட்டது. புல்லில் எதுவோ புரளுகிற சத்தம். யாரோ மூக்கால் அலறுகிற சத்தம். என் கால் தானாக எழும்பியது. அடக்கிக்கொண்டேன்.

"பாக்கியக்கா!"

"இருக்கேன் தம்பி! ரெண்டு பேரும் இருக்கோம்! நீங்க அங்கயே நில்லுங்க!"

அவள் குரல் நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில் இருந்தது. பனி கிழியும் வரை அப்படியே இருந்தோம். கிழிந்ததும் பார்த்தேன். இங்க்ரிட் அம்மா புல்லில் மல்லாந்து கிடந்தார். பாக்கியக்கா அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் அவருடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்த அம்மாவின் உதடு கிழிந்து இரத்தம். கண்ணில் கொலைவெறி.

பங்களா விறாந்தையில் விசாரணை. உதட்டில் ஐஸ் வைத்தபடி இங்க்ரிட் அம்மா கதிரையில். பாக்கியக்கா படிக்கட்டுக்குக் கீழே, கைகட்டி. திசாநாயக்க சேர் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் வழிகாட்டி எங்களைக் கூப்பிட்டார். நான் பதில் சொல்லப் போனேன். இவள் விடவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். நான் எழும்பி அவரிடம் நடந்தேன். இவள் பின்னாலிருந்து என்னை இழுத்து விழுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, மூச்சு விடவிடாமல் பொத்தினாள். என் வாழ்க்கையில் என் மேல் யாரும் இப்படிக் கை வைத்ததில்லை."

"அவரைப் பார்த்தீங்களா?" என்றார் சேர்.

"பார்த்தேன். பாதைக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே நின்றார். முகம் தெரியவில்லை. உயரமாகத் தெரிந்தார். தலையைச் சுற்றி ஏதோ வெளிச்சம், டார்ச் பிடித்திருந்தார் போல. நான் கையைத் தூக்கினேன், அவரும் தூக்கினார்."

"மேடம், இடது பக்கத்தில் தரை இல்லை" என்றேன்.

"உங்கள் ஆளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறீர்கள். உங்கள் குரல் எனக்குத் தெரியும். 'பாக்கியக்கா' என்று கூப்பிட்டீர்கள்."

அந்த மூவரில் யாரும் அவளை அக்கா போட்டுக் கூப்பிட்டதில்லை. நான் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன்.

சேர் பாக்கியக்காவிடம் திரும்பினார். "நீ சொல்லு."

"மொத தடவ இந்தா இருக்க மாதிரி கேட்டுச்சு சேர். தம்பி கொரலேதான். நான் சும்மா இருந்தேன். ரெண்டாவது தடவ கொஞ்சம் தள்ளிப் போய்க் கூப்புட்டுச்சு. தம்பின்னா நகந்துகிட்டுக் கூப்புடாதே? அப்பவே தெரிஞ்சு போச்சு. இந்தம்மா அது பின்னால எந்திரிச்சிப் போகுது. நான் என்னா செய்ய? மூணாவது தடவைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அது கூப்புடல. அப்புறம் மேட்டுப் பக்கமா தம்பி மூணு தடவ கூப்புட்டுச்சு. சொன்னேன்."

"செபஸ்தியன், நீ கூப்பிட்டதா? அந்த மூணு தடவைக்கு முந்தி?"

"இல்ல சேர்."

சோடியும் அதைத்தான் சொன்னார்கள். அவர் எங்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை என்றார்கள்.

கம்பனியின் கொழும்பு ஆபிஸிலிருந்து போன் வந்தது. விருந்தாளி ஏற்கெனவே அங்கே பேசியிருந்தார். சேர் கேட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அங்கிருந்த ஐயா மிக இனிமையாகப் பேசினார். நான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டால் போதுமாம். வழிகாட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தான், மூட்டைக்காரி விருந்தாளியின் மேல் கை வைத்தாள், அவளை நிறுத்தியாயிற்று, வருத்தம் தெரிவிக்கிறோம், முடிந்தது. இல்லாவிட்டால், பனிக்குள் ஆள் தவறியும் வழிகாட்டி கூப்பிடத் தாமதித்தான் என்று ஆகுமாம். பிறகு என் வேலைக்கு அவர் பொறுப்பில்லையாம்.

"நான் கூப்பிடல்ல. கூப்பிட்டேன்னு சொல்ல மாட்டேன். அவளை நிப்பாட்டினா என்னையும் சேர்த்து நிப்பாட்டுங்க" என்றேன். அதோடு இன்னொரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

சேர் போனை வாங்கிவைத்தார். வெற்றிலையை எடுக்கவில்லை. இங்க்ரிட் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மேடம், இவளை இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். நான் நாளைக்கு அனுப்புகிறேன். காலையில் வானம் தெளிவாக இருக்கும். அந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகும் அனுப்பச் சொன்னால், அனுப்புகிறேன்."

வானிலையை அவர் முன்கூட்டிச் சொல்லி நான் கேட்டது அது ஒரே தடவைதான்.

காலையில் சேரும் இங்க்ரிட் அம்மாவும் நானும் ஏறினோம். கழுவிவிட்டதைப் போல வானம். பசறை ரோட்டில் பஸ் ஒன்று வளைந்து வளைந்து போவது தெரிந்தது. அதற்கும் அப்பால் மொனராகலைச் சமவெளி, உடைந்த கண்ணாடித் துண்டுகள் போலக் குளங்கள். அந்தக் குட்டை மரங்களைத் தாண்டிப் போனோம். பனி ஈரத்தில் படுத்த புல் அப்படியே இருந்தது. இங்க்ரிட் அம்மாவின் சப்பாத்துக் குதிகால் இரண்டும் இழுபட்ட கோடுகள் மண்ணில் தெளிவாகக் கிடந்தன. பாக்கியக்கா அவரைச் சாய்த்த இடத்தில் கோடு முடிந்தது. அது தொடங்கிய இடத்துக்கு அந்த அம்மா கோட்டைப் பார்த்தபடி நடந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோடு விளிம்பில் தொடங்கியது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. வெகு கீழே காட்டு மரங்களின் உச்சி. எங்கள் காலுக்குக் கீழே ஒரு கழுகு வட்டமடித்தது, அதன் முதுகு தெரிந்தது.

"அவர் அங்கே நின்றார்" என்று அந்த அம்மா வெறும் ஆகாயத்தைக் காட்டினார்.

சேர் மெதுவாக விளக்கினார். மேற்கே சாய்ந்த வெயில் முதுகில் விழுந்தது. எதிரே பனிச் சுவர். உங்கள் நிழல் அதில் விழுந்தது. பனியில் விழும் நிழல் பெரிதாகத் தெரியும், தலையைச் சுற்றி வானவில் போல வளையம் வரும். நீங்கள் கையைத் தூக்கினீர்கள், அது தூக்கியது. காட்டு இலாகாவில் நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா தலையாட்டினார். அவருக்கு அது விளங்கியது. பிறகு கேட்டார்.

"குரல்?"

சேர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியாது. எதிரொலி என்று சொல்ல ஆசைதான். கூப்பிடாத குரலுக்கு எதிரொலி ஏது? விளக்கம் இருந்தால் ஒளித்துவைக்கிற ஆள் நான் இல்லை. பேய் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வயதான அம்மா, என் பாஷை தெரியாதவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் குரலைக் கேட்டார். அதன் பின்னால் நடந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பங்களாவுக்கு இறங்கியதும் அவரே கொழும்புக்குப் பேசினார். என்ன சொன்னார் என்று முழுதும் கேட்கவில்லை. கத்தினார். பாக்கியக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதித் தராமல் நான் இந்த நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்றது மட்டும் கேட்டது. பிற்பகலுக்குள் வேலை திரும்பக் கிடைத்தது.

நான் ஓட்டமும் நடையுமாக லயத்துக்குப் போனேன். பாக்கியக்கா சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதெல்லாம் அவுருங்க. வேலை இருக்கு. அந்தம்மாவே பேசிட்டாங்க. நாளைக்கு வரச் சொல்றாங்க."

"அப்புடியா? நல்ல பெரியம்மா. ஒதடு ஆறிருச்சா?"

"ஆறும். வாங்க, சேர் பாத்துக்கிட்டு இருக்காரு."

அவள் முடிச்சை இறுக்கினாள். "வேலைய விட்டுத் தூக்குனதுக்காகக் கட்டல தம்பி. நேத்தே முடிவு பண்ணிட்டேன். மொனராகலையில எங்க சின்னம்மா மக இருக்கா. கரும்புத் தோட்டத்துல வேல இருக்காம். போறேன்."

"பைத்தியமா? மகள் படிப்பு? அங்க குடுக்கிற சம்பளம் இதுல பாதி வராது."

"தெரியும்."

"பிறகு?"

அவள் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், மலையைப் பார்த்தாள். தெளிவான மலை. ஒரு துளி பனி இல்லை.

"அதுக்கு என் பேரு தெரிஞ்சு போச்சு தம்பி. ஒங்க கொரலும் தெரிஞ்சு போச்சு. இந்தத் தடவ ரெண்டோட நிப்பாட்டுச்சு. அடுத்த தடவ மூணாவது கூப்புடுமா இல்லையான்னு நான் அங்க குந்திக்கிட்டு எண்ணணுமா? நீங்களும் போகாதீங்க."

நான் போனேன். எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. முட்டி தேயும் வரை போனேன். அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. என் குழுவில் யாரும் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு, பதில் வருவதற்கு முன்னால் வரும் அந்த இடைவெளியில், நான் பேசாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு யாராவது நாலாவது தடவை கூப்பிடுகிறார்களா என்று. வகுப்பெடுத்த ஐயாவுக்கு அந்த இடைவெளியைப் பற்றி ஒரு படம் போட முடியுமா?

ஓய்வு பெற்ற பிறகு மொனராகலைக்குப் போய் பாக்கியக்காவைப் பார்த்தேன். மகள் படிப்பைப் பாதியில் விட்டுத் தையல் கடையில் இருக்கிறாள். பாக்கியக்கா வெயிலில் கறுத்து, மெலிந்து, கரும்புத் தோகை கிழித்த கையோடு இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சூட்டில், இந்தத் தூசியில், மகள் படிப்பையும் கெடுத்துக்கொண்டு, என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டேன்.

தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னாள்: "இங்க வெயில் தம்பி. வெயில்ல யாரு கூப்புட்டாலும் மூஞ்சி தெரியும்."